அந்தக் கொட்டாங்குச்சி யாருதுங்க?

போன வாரம் பயிற்சி வகுப்புல உங்கள்ல ஒரு பொண்ணு எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டுச்சு. "புள்ள நம்மகிட்டச் சொன்னதை, பெத்த தாயே வந்து கேட்டாக்கூடவா மேடம் சொல்லக் கூடாது?" அந்த நேரம் பாத்து டீ வந்துருச்சு. நான் "கூடாது"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டு டம்ளரைக் கையில எடுத்துட்டேன். பாவம், அந்தப் பொண்ணு மூஞ்சி சுருங்கிப் போச்சு. பஸ் ஏறி ஊட்டுக்கு வந்தும் எனக்கு அந்த மூஞ்சி மறக்கல. அதனால இன்னைக்கு முழுசாச் சொல்றேன். எனக்குப் பொறுமை கம்மின்னு உங்களுக்கெல்லாம் தெரியும். நடுவுல எவனாவது கொட்டாவி விட்டா அப்படியே நிறுத்திருவேன்.

எண்பதுகள்ல சேலத்துல ஒரு கல்லூரி ஒரு ஆராய்ச்சி நடத்துச்சு. சேர்வராயன் மலையில வளர்ற பத்து வயசுக்கு மேற்பட்ட புள்ளைங்க என்ன திங்கிறாங்க, எப்படி வளர்றாங்க, மனசுல நிம்மதியா இருக்காங்களான்னு பாக்கிற வேலை. நான் ஊர் ஊராப் போயி புள்ளைங்களைப் பாத்துப் பேசுற ஆளு. உயரம் அளக்கிறதும் எடை போடுறதும் பெரிய வித்தையில்ல, அதை நீங்களே பழகிக்குவீங்க. மனசைப் பத்திக் கேக்கிறதுலதான் எல்லாரும் மாட்டுவீங்க. அந்த மலைப் புள்ளைங்ககிட்ட "உனக்கு என்ன கஷ்டம்?"னு நேராக் கேட்டா தலையைக் குனிஞ்சுக்கும், கால் கட்டைவிரலால மண்ணைக் கிளறும். நாள் முழுக்க உக்காந்தாலும் மண்ணுதான் கிளறும்.

எங்க ஆராய்ச்சிக்குத் தலைமையா இருந்த மேடம் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அவங்க பேரைச் சொல்ல மாட்டேன், அவங்களுக்கே அது பிடிக்காது. தரையில வரிசையாக் கொட்டாங்குச்சி வெப்போம். இது அம்மா, இது அப்பா, இது கூடப் பொறந்தவங்க, இது சிநேகிதி, இது வாத்தியாரு, இது வேற யாராவது. புள்ள கையில ஒரு பிடி காப்பிக்கொட்டையைக் குடுத்து, "மனசு கஷ்டமா இருந்தா யாருகிட்டச் சொல்லுவே கண்ணு? அவங்க கொட்டாங்குச்சியில போடு. நொம்பச் சொல்லுவேன்னா நொம்பப் போடு"ன்னு சொல்லுவோம். வாயே திறக்க வேண்டாம். புள்ளைங்களுக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும். நமக்கு அது விளையாட்டு இல்ல, ஏன்னா சில புள்ளைங்க கொட்டையைக் கையிலயே வெச்சுக்கிட்டு எதுலயும் போடாது.

இதுல ரெண்டு கட்டுப்பாடு. பெரியவங்க தூர நின்னு பாக்கலாம், ஆனா பேச்சு காதுல விழக் கூடாது. புள்ளையைக் கண்ணுக்கு மறைவாக் கூட்டிக்கிட்டுப் போனா எந்த ஊருதான் சும்மா விடும்? இன்னொண்ணு, ஒவ்வொரு புள்ளைக்கும் கொட்டாங்குச்சி வரிசையை மாத்தி மாத்தி வெக்கணும். இல்லைன்னா தூர நிக்கிற அம்மா, தன்னோடது எதுன்னு கணக்குப் போட்டுருவாங்க.

இனி சொல்லப் போறது ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலை தாண்டி உள்ள போற ஒரு சின்ன ஊருல நடந்தது. ஊர்ப் பேரு வேண்டாம். அந்தப் பொண்ணு பேரையும் மாத்தித்தான் சொல்றேன், மல்லிகான்னு வெச்சுக்குங்க. பதிமூணு வயசு, எட்டாவது படிக்கிறா. படிப்புல கெட்டிக்காரி. பரீட்சையில பாஸ் பண்ணிட்டா ஏற்காட்டுல ஹாஸ்டல்ல சேர்ந்து ஒம்பதாவது படிக்கலாம்னு அவங்க வாத்தியாரு சொல்லி வெச்சிருந்தாரு. அந்த ஊருல அதுக்கு முன்னால எந்தப் பொண்ணும் ஒம்பதாவது போனதில்ல.

மல்லிகா என் முன்னால உக்காந்தா. அவங்கம்மா தூரத்துல பலா மரத்தடியில நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. கேள்வியைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கையில இருந்த கொட்டை அத்தனையும் கடைசிக் கொட்டாங்குச்சியில கொட்டிட்டா. அவளுக்கு நான் வெச்ச வரிசையில கடைசியில இருந்தது 'வேற யாராவது'. யாரு கண்ணு அதுன்னு கேட்டேன். "ஒண்டிக்கடை பாய் ஊட்டு அக்கா"ன்னா. ஏற்காட்டுல கடைங்க இருக்கிற எடத்துக்குப் பேரு ஒண்டிக்கடை.

எங்க கேள்வியில கடைசியா ஒண்ணு உண்டு, பொண்ணுங்களுக்கு மட்டும். பெரியவளாயிட்டியா, ஆயிருந்தா எப்போ. சேலத்துல உக்காந்து எழுதின எங்களுக்கு அது வளர்ச்சியைப் பத்தின ஒரு தகவல், அவ்வளவுதான். அந்த ஊருல அந்தக் காலத்துல அது தகவல் இல்ல. வாய்விட்டுச் சொன்ன நிமிஷமே ஊரு மொத்தமும் வேலையில இறங்கணும். மாமன் பச்சைத் தழை வெட்டி ஊரு ஓரத்துல குடிசை போடணும், புள்ள அதுல தனியா இருக்கணும், சடங்கு, விருந்து. அதோட பள்ளிக்கூடம் நின்னுரும், மாமன் ஊட்டுல இருந்து கல்யாணப் பேச்சு வரும். சொல்லாம மறைச்சா சாமிக் குத்தம், அது அந்த ஊட்டோட நிக்காது, ஊருக்கே ஆகாதுன்னு நம்பிக்கை. இதெல்லாம் தெரியாமதான் நாங்க ஒரு வரியில அந்தக் கேள்வியை எழுதி எடுத்துக்கிட்டு மலை ஏறினோம்.

மல்லிகா என்னை நிமிர்ந்து பாக்கவே இல்ல. குரலே வராம சொன்னா. போன மாசம் அப்பாகூட ஆரஞ்சுக் கூடையோட ஒண்டிக்கடைக்குப் போயிருக்கா, அங்க வெச்சு ஆயிருச்சு. அப்பா வியாபாரம் பேசிக்கிட்டிருந்த நேரத்துல, பாய் கடைக்காரரு சம்சாரம் இவ நிக்கிற நிலையைப் பாத்து, கடைக்குப் பின்னால இருக்கிற தன் ஊட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயி, துணி குடுத்து, சூடா டீ வெச்சுக் குடுத்திருக்காங்க. அந்தக்கா பேரு ஜைத்தூன். ஒரு கேள்வி கேக்கலையாம். ஊட்டுல இவ யாருகிட்டயும் சொல்லல. பரீட்சை முடியட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. "சொல்லிப்புடாதீங்க்கா"ன்னா. "சொல்ல மாட்டேன் சாமி"ன்னேன்.

மறுநாள் காலையில அதே ஊருக்கு ஜீப்புல போறோம், நானும் டிரைவர் துரைசாமி அண்ணனும் மட்டும். நல்ல மூட்டம், பத்தடிக்கு முன்னால ஒண்ணும் தெரியல. ஊரு எல்லையில அண்ணன் பிரேக்கை அழுத்தினாரு. ரோட்டுக்குக் குறுக்க ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்டிப் போட்டிருந்தாங்க. மூட்டத்துக்குள்ள இருந்து ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து ஜீப்பைச் சுத்தி நின்னாங்க. எல்லார் கையிலயும் கொடுவாள். காப்பிச் செடி கவாத்து பண்ற நேரம், வேலைக்குப் போற ஆளு கையில அது இருக்கிறது வழக்கந்தான். ஆனா அன்னைக்கு என் கண்ணு அதை விட்டு நகரல.

மல்லிகாவோட அப்பா கோவிந்தன் ஜன்னல்கிட்ட வந்து குனிஞ்சாரு. "ஏனுங்கம்மா, எம்புள்ளையக் காணோமுங்க. நேத்து உங்ககிட்ட உக்காந்து என்னமோ பேசினா. என்னங்க சொன்னா?" அந்த மனுசருக்குக் கண்ணெல்லாம் செவந்து கிடக்குது, ஆனா 'ங்க' போகல. நான் சேலத்துக்காரி, எனக்குத் தெரியும். எங்க பக்கத்து ஆளு கத்தினா பயமில்ல. இந்த மாதிரி மரியாதையா, மெதுவாக் கேட்டான்னா எல்லைக்கு வந்துட்டான்னு அர்த்தம்.

நடந்தது என்னன்னு அவங்க பேச்சுலயே கொஞ்சம் கொஞ்சமா விளங்குச்சு. நாங்க போன பிறகு பொண்ணுங்க தங்களுக்குள்ள பேசியிருக்குதுங்க, அந்தக்கா பெரியவளாயிட்டியான்னு கேட்டாங்கன்னு. அது அம்மாக்கள் காதுக்குப் போச்சு. அக்கம்பக்கத்து ஊடுங்கள்ல "நீ என்னடி சொன்னே?"ன்னு ஆரம்பிச்சிருச்சு. மல்லிகா அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கா. விடிஞ்சு பாத்தா பாயில ஆளில்ல. மாசம் ஆயிருச்சு. அவளுக்கு மறுபடி வந்திருக்கும், ஊட்டுல வெச்சு மறைக்க முடிஞ்சிருக்காது. அந்தக் கூட்டத்துல இதெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு நான்.

அவ எங்க போயிருப்பான்னும் எனக்குத் தெரியும். தெரியும்னு நெனைக்கிறேன். அந்த வித்தியாசம்தான் என்னைக் கொன்னுச்சு. ஒண்டிக்கடைக்குத்தான் போயிருப்பான்னு கொட்டாங்குச்சி சொல்லுது. ஆனா காப்பித் தோட்டத்துக்குள்ள குறுக்கு வழியில, மூட்டத்துல, காட்டெருமை நடமாடுற எடத்துல தனியாப் போன புள்ள போயிச் சேர்ந்துதான்னு யாரு கண்டா? போகிற வழியில ஏரி இருக்குது. மனசு வெறுத்துப் போன புள்ள ஏரியை எப்படிப் பாக்கும்?

ஊர்க்கவுண்டர் வந்தாரு, ஊருக்குத் தலைவரு, வயசான மனுசரு, நிதானமானவரு. புள்ளை சொன்னதைச் சொல்லிட்டா மரத்தை எடுத்துருவோம், நீங்க போயிக்கலாம்னாரு. துரைசாமி அண்ணன் முன்னால பாத்தபடியே, அம்மா, சொல்லித் தொலைச்சிருங்கன்னு முணுமுணுத்தாரு. இஞ்சினை அவரு அணைக்கவே இல்ல.

சொல்லியிருந்தா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. ஒண்டிக்கடை பாய் ஊடுன்னு நான் வாயத் திறந்தா, கொடுவாளோட இத்தனை ஆம்பளைங்க அந்தக் கடை வாசல்ல போயி நிப்பாங்க. மலைக்காரங்களும் அந்தக் குடும்பமும் காலங்காலமாக் குடுத்து வாங்கிப் பழகினவங்க, ஒருத்தர் ஊட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் போறவங்க. ஆனா எங்க பொட்டப்புள்ளைய எதுக்கு ஊட்டுல வெச்சேன்னு ஒரு கூட்டம் போயி நின்னுட்டா, அப்புறம் அதை யாரு ஒட்ட வெக்கிறது? ஜைத்தூன் அக்கா பதில் சொல்லணும்னா காரணத்தைச் சொல்லணும். காரணம் வெளிய வந்தா மல்லிகா பள்ளிக்கூடம் அன்னைக்கோட சரி. மறைச்ச குத்தம் வேற தலையில விழும்.

எங்க மேடம் ஒரு விஷயத்தை எங்களுக்குப் பாடமா சொல்லி வெச்சிருந்தாங்க. புள்ள சொன்னது புள்ளையோட சொத்து. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் அதுல கை வெக்கலாம். அப்பவும் ஒரே ஒரு ஆளுகிட்ட, அந்த உயிரைக் காப்பாத்த எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் சொல்லணும், அதுக்கு மேல ஒரு சொல்லு கூடாது. வகுப்புல கேக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஒரு ஆளு யாருன்னு மேடம் சொல்லித் தரல. அதை எப்படிச் சொல்லித் தர முடியும்?

அப்பாவா? கொடுவாளோட நிக்கிற ஆளுகிட்ட முடியாது. ஊர்க்கவுண்டரா? அவரு நல்லவருதான், ஆனா ஊரு வழக்கத்தைக் காப்பாத்துறது அவரு பொறுப்பு. போலீஸா? கேக்கவே வேண்டாம். மிச்சம் அம்மா. ஆனா அம்மா கொட்டாங்குச்சியில அந்தப் புள்ள ஒரு கொட்டை கூடப் போடலையே. எந்த ஆளுக்குத் தெரியக் கூடாதுன்னு ஓடினாளோ அந்த ஆளையே அனுப்புறதா? அந்தம்மா கூட்டத்துக்குப் பின்னால, முந்தானையை வாயில அழுத்திக்கிட்டு நின்னாங்க. ஊரே என்னைப் பாக்குது, அவங்க மட்டும் ரோட்டைப் பாத்துக்கிட்டிருந்தாங்க, புள்ள வருதான்னு. அதைப் பாத்துதான் முடிவு பண்ணினேன். அது சரியா தப்பான்னு எனக்கு அப்போ தெரியாது. தெரியாமத்தான் முடிவு பண்ணணும், அதுக்குப் பேருதான் முடிவு.

கீழ இறங்கினேன். புள்ளையோட அம்மாகிட்ட மட்டும் ரெண்டு வார்த்தை பேசணும்னேன். கொஞ்சம் சலசலப்பு. ஊர்க்கவுண்டர் கையை அமர்த்தினாரு. அந்தம்மாவைப் பத்தடி தள்ளிக் கூட்டிக்கிட்டுப் போயி, காதோட சொன்னேன். "அவ எங்க இருக்கலாம்னு எனக்கு ஒரு யோசனை இருக்குதுங்க. இந்த ஜீப்புல நீங்க மட்டும் போங்க. ஒண்டிக்கடை பாய் ஊட்டுல பாருங்க, ஊரைத் தாண்டினப்புறம் டிரைவர்கிட்டச் சொல்லிக்கலாம். எதுக்குப் போனான்னு எங்கிட்டக் கேக்காதீங்க. அவ சொன்னாக் கேட்டுக்குங்க, சொல்லலைன்னா விட்டுருங்க." அந்தம்மா முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டாங்க. ஜீப்புல ஏறிட்டாங்க.

கோவிந்தன் தானும் வர்றேன்னாரு. கூட நாலு பேரு கிளம்பினாங்க. நான் குறுக்க நின்னேன். "அம்மா மட்டும் போகட்டுமுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். ஜீப்பு புள்ளையோட வரலைன்னா நான் எங்கயும் போகப் போறதில்ல. அப்போ கேளுங்க." பெரிய வீரின்னு நெனைச்சுக்காதீங்க. வேற வழி தெரியாமத்தான் சொன்னேன். மரத்தை நகர்த்தி வழி விட்டாங்க, ஜீப்பு திரும்பினதும் மறுபடி இழுத்துப் போட்டாங்க.

நேத்து மல்லிகா உக்காந்த அதே எடத்துல, பலா மரத்துக்கு எதிர்ல என்னை உக்கார வெச்சாங்க. ஒரு பொம்பளை தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. கொஞ்ச நேரத்துல ஊருக் கிணத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்துச்சு. குடம் விழுந்தா எடுப்பாங்களே, பாதாளக் கரண்டி, அதைக் கயித்துல கட்டிக் கிணத்துக்குள்ள விட்டுத் துழாவுறாங்க. இரும்பு பாறையில கரகரன்னு உரசுது. ஒவ்வொரு தடவை கயிறு மேல வரும்போதும் ஊரே எட்டிப் பாக்குது. கோவிந்தன்தான் கயிறு பிடிச்சிருந்தாரு. புள்ள கிணத்துல இல்ல, ஒண்டிக்கடையில இருக்கிறான்னு எந்திரிச்சுப் போயி சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஆனா அங்க இருக்கிறாளான்னு எனக்கே தெரியாதே. அந்தப் பாவி மனுசன் கயிறை இழுக்கிறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கிணத்துல ஒண்ணுமில்லைன்னு ஆனதும் பேச்சு வேற பக்கம் திரும்புச்சு. அந்த ஊரு வாத்தியாரு கல்யாணமாகாத பையன். மேல படி, மேல படின்னு அவளைத் தூண்டி விட்டவரு. அவரு அன்னைக்குன்னு பாத்து இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வரல. ஒருத்தன் அவரு பேரைச் சொன்னான். அடுத்தவன் தலையாட்டினான். ஊர்க்கவுண்டர் எங்கிட்ட வந்து, வாத்தியாரைப் பத்தி எதாச்சும் சொன்னாளான்னு கேட்டாரு.

இந்த எடத்தைக் கவனமாக் கேளுங்க, உங்களுக்கு என்னைக்காவது உதவும். "இல்லைங்க, வாத்தியாரு இல்ல"ன்னு சொல்றது எவ்வளவு சுலபம். ஒரு அப்பாவி தப்பிச்சுக்குவாரு. ஆனா ஒரு பேருக்கு இல்லைன்னு சொல்லிட்டா அடுத்த பேரு வரும். அதுக்கும் இல்லைம்பேன். எதுக்கு நான் வாயை மூடுறேனோ அதுதான் பதில்னு சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்சுரும். அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. சும்மா இருந்தா வாத்தியாரைத் தேடிப் போயிருவாங்க. பேசாம இருக்கிறதுன்னா பாதுகாப்புன்னு நெனைக்காதீங்க. நம்ம மௌனம் வேற ஒருத்தன் தலையில போயி இறங்கும்.

நான் எந்திரிச்சு நின்னு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னேன். "நீங்க எந்தப் பேரைக் கேட்டாலும் ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேனுங்க. உங்க ஊட்டுப் புள்ள எங்கிட்டச் சொன்னதையும் நாளைக்கு வேற யாராவது வந்து கேட்டா இதேதான் சொல்லுவேன். ஜீப்பு வர்ற வரைக்கும் யாரையும் தேடிப் போகாதீங்க. அதுக்குப் பிறகு என்ன செய்யறதுன்னாலும் என்கிட்ட இருந்து ஆரம்பிங்க." ஒருத்தன் என்னமோ கெட்ட வார்த்தை சொன்னான். ஊர்க்கவுண்டர் அவனைத் திரும்பிப் பாத்தாரு. அப்புறம் என் பக்கத்துலயே ஒரு கல்லுல உக்காந்துக்கிட்டாரு, எழுந்திருக்கவே இல்ல. எனக்குக் காவலா, இல்ல நான் ஓடாம இருக்கவா, இன்னைக்கு வரைக்கும் தெரியல.

மூட்டம் விலகி வெயில் வந்த பிறகுதான் ஜீப்பு சத்தம் கேட்டுச்சு. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு. அம்மா இறங்கினாங்க. கொஞ்ச நேரம் வேற யாரும் இறங்கல. கோவிந்தன் கொடுவாளை இறுக்கிப் பிடிச்சதை நான் பாத்தேன். அந்தம்மா கையை உள்ள நீட்டினாங்க. மல்லிகா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா, தலைக்கு மேல ஒரு சால்வை போத்தியிருந்தா. கோவிந்தன் அந்தக் கொடுவாளைக் கீழ போட்டுட்டு அங்கயே மண்ணுல உக்காந்து அழுதாரு.

ஊரு சும்மா விடுமா? எங்கே போனா, எதுக்குப் போனா? மல்லிகா அம்மா நேரா ஊர்க்கவுண்டர் முன்னால வந்து நின்னாங்க. "புள்ளைக்கு ராத்திரி பூரா வயித்து வலிங்க. பரீட்சை நேரத்துல படுத்துக்காதேன்னு நாந்தான் முன்னாலயே திட்டியிருந்தனுங்க. எங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு ஒண்டிக்கடைக்கு மருந்து வாங்கப் போயிருச்சுங்க. பாய் ஊட்டம்மா கஷாயம் வெச்சுக் குடுத்துப் படுக்க வெச்சிருந்தாங்க. இவ்வளவுதானுங்க." ஊர்க்கவுண்டர் அந்தம்மாவையே கொஞ்ச நேரம் பாத்தாரு. பொம்பளைங்க கூட்டத்துல ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் அவரு மரத்தைத் தள்ளுங்கடான்னாரு.

மல்லிகா அங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கா. துரைசாமி அண்ணன் சொன்னாரு, ரெண்டு பேரும் உள்ள போயி நேரமாச்சும்மா, அழுத சத்தம் கேட்டுச்சு, வெளிய வரும்போது அந்தம்மா கொண்டையை இறுக்கி முடிஞ்சுக்கிட்டு, போலாமுங்கன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்கன்னு. சாமிக் குத்தம்னு பொறந்ததுல இருந்து நம்பினவங்க, அந்த நம்பிக்கையோடயே புள்ளைக்காக ஊரு முன்னால நின்னு மறைச்சாங்க. எனக்கு அந்தத் துணிச்சல் வராது.

நான் ஜீப்புல ஏறப் போறேன், அந்தம்மா பக்கத்துல வந்தாங்க. நன்றி சொல்லப் போறாங்கன்னு நெனைச்சேன். "ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நேத்து எம்புள்ள கொட்டை முச்சூடும் ஒரே கொட்டாங்குச்சியில போட்டாளே, நான் மரத்தடியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தனுங்க. அந்தக் கொட்டாங்குச்சி யாருதுங்க?"

அவங்க கண்ணுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தன்னோடதா இருக்கும்னு ராத்திரி பூரா நெனைச்சிருக்காங்க. இப்போ புள்ள எங்க போனான்னு தெரிஞ்ச பிறகு அந்த நெனைப்பு ஆடுது. "உங்களுதுதானுங்க"ன்னு ஒரு பொய் சொன்னா எனக்கு என்ன கொறைஞ்சு போகுது? ஆனா அந்தப் பொய்யும் மல்லிகாவோட சொத்துல கை வெக்கிறதுதான். "அதை நான் சொல்ல மாட்டேனுங்க"ன்னேன். காலையில எடத்தை மட்டும் சொன்னீங்களேன்னு கேட்டாங்க. "அது அவ உயிருக்குங்க. இது வேறங்க"ன்னேன். அந்தம்மா முகம் விழுந்துச்சு பாருங்க, போன வாரம் விழுந்த அந்தப் பொண்ணு முகம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. திரும்பிப் போயிட்டாங்க.

கல்லூரிக்குப் போயி மேடம்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அந்தக் கடைசிக் கேள்வியை அன்னைக்கே தூக்கிட்டாங்க. ஆராய்ச்சியில பாதி அதை நம்பித்தான் இருந்துச்சு, மேலிடத்துல அவங்களுக்கு நல்ல திட்டு விழுந்துச்சு. "அந்தப் பதில் வந்தா நமக்கு ஒரு தகவல் கிடைக்கும், அந்தப் புள்ளைக்குப் பள்ளிக்கூடம் போயிரும். இதுல எதைக் கேக்கச் சொல்றீங்க?"ன்னு மேடம் அவங்ககிட்டயே கேட்டுட்டு வந்தாங்க.

பரீட்சை முடிஞ்சு கொஞ்ச நாள்ல மல்லிகா ஊட்டுல இருந்து எனக்கு அழைப்பு வந்துச்சு, புள்ள பெரியவளாயிட்டா, சடங்குக்கு வாங்கன்னு. போனேன். பச்சைத் தழைக் குடிசை, மாமன் சீர், சாமைச் சோத்து விருந்து. அந்தம்மா ஏதோ நேத்துதான் விஷயம் தெரிஞ்ச மாதிரி ஓடியாடி வேலை பாத்தாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, இலையைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டேன். மல்லிகாவை ஹாஸ்டல்ல சேத்ததும் அந்தம்மாதான், கல்யாணப் பேச்சு எடுத்த மாமன் ஊட்டுக்கு கோவிந்தன் சாக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதும் எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் அதே புள்ளைங்களை மறுபடி பாக்கணும். மல்லிகா லீவுக்கு ஊட்டுக்கு வந்திருந்தா. அதே எடம். அம்மா அதே பலா மரத்தடியில. வரிசையை மாத்தி வெச்சேன். இந்தத் தடவை நிதானமா, ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டா. ரெண்டு மூணு கொட்டை 'வேற யாராவது'ல. மிச்சம் பூராவும் அம்மா கொட்டாங்குச்சியில.

எந்திரிச்சுத் திரும்பினா அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இந்தத் தடவை அவங்க கேக்கல. கேட்டா என்ன சொல்லுவேன்னுதான் தெரியுமே. அந்த அம்பதடி தூரத்தை ஓடிப் போயி, உங்களுதுங்க, அத்தனையும் உங்களுதுங்கன்னு கத்தணும்போல இருந்துச்சு. போன வருஷம் சொல்லாம இருந்தது சுலபம், அது கெட்ட செய்தி. நல்ல செய்தியை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு நடக்கிறதுக்குத்தான் தெம்பு வேணும். என் மூஞ்சியே காட்டிக் குடுத்துருமேன்னு அந்தம்மா பக்கம் திரும்பாம போயி ஜீப்புல ஏறிக்கிட்டேன். திமிரு பிடிச்சவளுன்னு நெனைச்சிருப்பாங்க.

அதுக்கப்புறம் பல வருஷம் கழிச்சு, தொண்ணூறுகள்ல ஒரு நாள், அடிவாரத்துல ஏற்காடு பஸ் நின்னப்போ ஒரு பொண்ணு ஏறி என் பக்கத்துல உக்காந்துச்சு. "அக்கா, என்னைத் தெரியுதுங்களா?" மல்லிகா. மலையில ஆஸ்பத்திரி வேலையில இருக்கா, கல்யாணமாகி ஒரு புள்ள. அவங்கம்மா அதுக்கு முந்தின வருஷம் போயிச் சேர்ந்துட்டாங்களாம். வளைவு வளைவா பஸ் ஏறுது. பாதி மலையில கேட்டா, "எங்கம்மாகிட்ட நீங்க ஒண்ணுமே சொல்லலைங்களாக்கா?"

ஒண்ணுமே சொல்லலைன்னேன். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமோன்னு நான் பல நாள் யோசிச்சதையும் சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "ரெண்டாவது தடவை நீங்க திரும்பிக்கூடப் பாக்காம போனீங்கல்ல, அன்னைக்குப் பொழுது சாய அம்மா எங்கிட்டயே வந்து கேட்டாங்க, யாருதுடீன்னு. பொறந்ததுல இருந்து என் மனசுல என்ன இருக்குதுன்னு எங்கம்மா எங்கிட்டக் கேட்ட மொத கேள்விங்கக்கா அது. மொத வருஷத்தையும் சேத்துச் சொல்லிட்டேன். அழுதாங்க. அடுத்த சந்தைக்கு ஒரு பலாப்பழத்தைத் தலையில சுமந்துக்கிட்டு ஜைத்தூன் அக்கா ஊட்டுக்குப் போயிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் எங்கிட்டக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க, நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஒண்டிக்கடை வந்துச்சு. அவ இறங்குறதுக்கு முன்னால, இதை எங்க வேலைக்கு வர்ற புள்ளைங்களுக்குச் சொல்லலாமான்னு அவகிட்டக் கேட்டேன். பேரை மாத்திட்டுச் சொல்லுங்கன்னா. படியில காலை வெச்சுட்டு மறுபடி திரும்பிச் சொன்னா, "நீங்க சொல்லியிருந்தீங்கன்னா அம்மா எங்கிட்டக் கேட்டிருக்கவே மாட்டாங்க."